விரல் ரேகை எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

லேப்டாப்பைத் திறக்க விரல் வைப்பவர்கள் இன்று நிறையப் பேர். அதே விரலை வைத்து கூகுள், அமேசான் போன்ற தளங்களுக்குள்ளும் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழையலாம் என்றதும், "அப்போ என் கைரேகை அவங்ககிட்ட போயிடுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ரேஷன் கடையில் விரல் வைத்தால் ரேகை ஆதார் மையத்துக்குப் போய் அங்கேதான் ஒத்துப் பார்க்கப்படுகிறது. நமக்குப் பழகிய முறை அது. விரலால் கணினியைத் திறக்கும் வசதிகளான விண்டோஸ் ஹலோவிலோ ஆப்பிளின் டச் ஐடியிலோ அந்த வேலை கணினிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ரேகை எந்தத் தளத்துக்கும் போவதில்லை.

பிறகு தளத்துக்கு எதுதான் போகிறது? முதல் தடவை பதியும்போது, அந்தத் தளத்துக்கென்றே ஒரு ஜோடி டிஜிட்டல் சாவிகளைக் கணினி உருவாக்கும். ஒன்றைத் தளத்திடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தானே வைத்துக்கொள்ளும். பாஸ்கீ என்பது இதுதான். அடுத்த முறை தளம் ஒரு புது எண்ணை அனுப்பும். விரல் பொருந்தினால், கணினி தன் சாவியால் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும். தளத்திடம் உள்ள சாவியால் கையெழுத்தைச் சரிபார்க்கத்தான் முடியும், போட முடியாது. அதைத் திருடியும் பயனில்லை. 2019 மார்ச்சில், இணையத்துக்கான விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இந்த முறையை இணையத் தரமாக ஏற்றுக்கொண்டது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஓடிபியை ஃபோனில் யாராவது தேனாகப் பேசிக் கேட்டால் சொல்லிவிடுகிறோம். இதில் சொல்வதற்கு எதுவுமே இல்லை. ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தில் நாம் ஏமாந்தாலும் பிரவுசர் ஏமாறாது. அந்த முகவரிக்கு இந்தச் சாவியை எடுத்தே தராது.

பலவீனம் பின் நம்பரில் இருக்கிறது. பாத்திரம் கழுவிய ஈரக் கையைக் கணினி ஏற்காவிட்டால் விண்டோஸ் பின் நம்பர் கேட்கும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த எண் என்றால், உங்கள் விரலுக்கு வேலையே இல்லை, யாரும் நுழையலாம். முதலில் அதை மாற்றுங்கள்.

அப்புறம், அலுவலகக் கணினியிலோ பிரவுசிங் சென்டரிலோ பாஸ்கீ உருவாக்காதீர்கள். சொந்த லேப்டாப் என்றாலும், அது பழுதானால் உள்ளே நுழைய ஃபோனிலும் ஒரு பாஸ்கீ போட்டு வையுங்கள். லேப்டாப்பை விற்கப் போகிறீர்களா? விண்டோஸ் 11 செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குள் பாஸ்கீஸ் என்று இருக்கும். எந்தெந்தத் தளத்துக்குச் சாவி இருக்கிறது என்று அங்கே தெரியும். ஒவ்வொன்றாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.

வணக்கம்.