தூத்துக்குடியில் மறுக்கப்பட்ட பதிவு

நேயர்களுக்கு வணக்கம்.

1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஊர் தூத்துக்குடி. அங்கே சங்கரராமேசுவரர் கோயிலில் 2018 அக்டோபர் 31 அன்று ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. தாலி கட்ட அனுமதித்த கோயில் நிர்வாகம், திருமணப் பதிவுக்கு வேண்டிய படிவத்தைத் தரவில்லை. கிராம நிர்வாக அலுவலரும் சான்று கொடுக்கவில்லை. பதிவாளர் மறுத்தார். மாவட்டப் பதிவாளரிடம் போன மேல்முறையீடும் டிசம்பர் 28 அன்று தள்ளுபடியானது.

தள்ளுபடிதான். ஆனால் அது எழுத்தில் வந்த உத்தரவு. அதை ரத்து செய்யக் கேட்டுத்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட முடிந்தது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். "இதெல்லாம் பதிய முடியாது, போங்க" என்று வாய்ப்பேச்சில் அனுப்பிவிட்டால், எந்த உத்தரவை எதிர்த்து மனுப் போடுவது? விண்ணப்பம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். வாங்கவே மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். மறுப்பை, காரணத்தோடு, எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 பதிவுக்குத் தருவது 90 நாள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அலைக்கழிப்பிலேயே இந்த நாள்கள் கரைந்துவிடும்.

மணமகள் என்றால் பெண், திருநங்கை பெண்ணல்ல என்று அகராதியைக் காட்டி அரசுத் தரப்பு வாதாடியது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஏற்கவில்லை. தன் பாலினம் எது என்று முடிவு செய்வது அவரவர் உரிமை என 2014இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே இந்து திருமணச் சட்டம் 5ஆம் பிரிவில் வரும் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்து, பதிவு செய்ய உத்தரவிட்டார். சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதுதான் இந்தத் தீர்ப்பின் பெரிய பலம். ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, பாலினத்தை மாற்றும் அறுவை சிகிச்சை கூடாது என்றதும் இதே தீர்ப்புதான். அவ்வாண்டே அரசாணையும் வந்தது.

இரு பெண்களோ இரு ஆண்களோ செய்துகொள்ளும் திருமணத்துக்கு இது பொருந்தாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றம், சட்டமன்றங்களின் கையில் விட்டுவிட்டது. அது எனக்கு ஏமாற்றமே. ஆனால் ஆணும் திருநங்கையும் இப்போதுள்ள சட்டப்படியே மணக்கலாம் என்பதை அந்தத் தீர்ப்பும் உறுதி செய்தது.

திருமணம் இல்லாவிட்டாலும் இரு பெண்களோ இரு ஆண்களோ சேர்ந்து வாழத் தடையில்லை. பெற்றோர் "மகளைக் காணோம்" என்று புகார் கொடுத்தால்? சேர்ந்து வாழும் இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இட்ட உத்தரவு தெளிவானது: இருவரும் வயதுவந்தவர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் தராமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகும்போது வயதுச் சான்றையும் இந்த உத்தரவின் நகலையும் கையோடு கொண்டு போங்கள்.