கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் முகமூடி நடனங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆனால் 'முகமூடி' என்று சொன்னதுமே எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. முகத்தை மூடுவது என்று பொருள் வந்துவிடுகிறது, திருடன் ஞாபகம் வருகிறது, யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இன்றைக்கு நான் சொல்லப்போகிற ஊர்களில் முகமூடி வந்துவிட்டால், உள்ளே இருப்பது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தெரிந்தவர்களும் சொல்ல மாட்டார்கள். வந்திருப்பது மூதாதை, அல்லது தாய், அல்லது காட்டின் ஆவி. அவ்வளவுதான்.

முதலில் யொருபா மக்களிடம் போவோம். நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனினிலும் டோகோவிலும் கெலேடே என்ற விழா நடக்கிறது. அறுவடை முடிந்த பிறகு நடக்கும். மழை பொய்த்தாலும், கொள்ளைநோய் வந்தாலும் நடக்கும். விழா யாருக்கு என்றால், தாய்மார்களுக்கு. 'இயா ன்லா', அதாவது பெரிய தாய், அவளுக்கும், அவளுடைய சக்தி இறங்கியிருப்பதாக நம்பப்படுகிற ஊர்க் கிழவிகளுக்கும். அந்தச் சக்தி பிள்ளை வரம் தரும், பயிரை வளர்க்கும். கோபம் வந்தால் எல்லாவற்றையும் அழிக்கவும் செய்யும். அதனால் தாய்மார்களைக் குளிரவைக்க வேண்டும். அதற்குத்தான் ஆட்டம்.

முதல் நாள் இரவு நிகழ்ச்சிக்கு எஃபே என்று பெயர். அந்தச் சொல்லுக்கே நகைச்சுவை என்றுதான் பொருள். சந்தைத் திடலில் நடக்கும், சந்தை பெண்கள் ஆளும் இடம் என்பதால். எஃபே பாடகர் முதலில் தாய்மார்களை வணங்கி, பாடுவதற்கு உத்தரவு கேட்பார். அப்புறம் ஊரில் தப்பு செய்தவர்களைப் பாட்டிலேயே வெளுத்து வாங்குவார். மற்ற நாளில் சொன்னால் சண்டையாகிவிடுகிற விஷயங்களை அன்றைக்குச் சொல்லலாம்.

மறுநாள் பகலில் ஆட்டம். ஆடுகிறவர்கள் ஆண்கள், இரண்டு இரண்டு பேராக வருவார்கள். பெண் உருவம் என்றால் மரத்தில் செதுக்கிய மார்பைக் கட்டிக்கொள்வார்கள். இடுப்பைப் பெரிதாக்கிக்கொள்வார்கள். உடம்பைச் சுற்றியிருக்கிற துணிகளோ அம்மாவிடமும் மனைவியிடமும் இரவல் வாங்கிய தலைத்துணிகள். மரமுகத்தைத் தொப்பி மாதிரி தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, தங்கள் முகத்தை மெல்லிய துணியால் மூடிக்கொள்வார்கள். அந்த மரமுகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கீழே ஒரு பெண்ணின் முகம், எந்தச் சலனமும் இல்லாமல், கண்கள் பாதி தாழ்ந்து. அதற்கு மேலே உலகமே நடந்துகொண்டிருக்கும்: பறவையைப் பாம்பு பிடிக்கும், ஒருவர் தையல் மிஷினில் தைப்பார், இன்னொருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். இத்தனை அமளியையும் தலையில் தாங்கிக்கொண்டு அந்த முகம் அமைதியாக இருக்கிறதே, அதுதான் எனக்கு கெலேடே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யொருபா மொழியில் ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். அதனால் அவர்களுடைய முரசு அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே ஒரு முழு வாக்கியத்தைப் பேசிவிடும். ஆடுகிறவர் காலில் கனத்த இரும்புச் சலங்கை கட்டியிருப்பார். முரசு சொல்கிற வாக்கியத்தை அவர் காலால் திருப்பிச் சொல்ல வேண்டும். முரசு எந்த அசையில் நிற்கிறதோ அதே அசையில் காலும் நிற்க வேண்டும். கூட்டத்துக்கு வாக்கியம் தெரியும் என்பதால், கால் அரை அசை தவறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். 2001-இல் யுனெஸ்கோ கெலேடேயை மானுடத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

கால் வேலை என்றதும் ஐவரி கோஸ்டின் குரோ மக்கள் ஆடுகிற ஸாவுலியைச் சொல்லாமல் போக முடியாது. கால்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும். இடுப்புக்கு மேலே மட்டும், ஒரு அழகிய பெண்ணின் முகம் காற்றில் நிற்பது போல, ஆடாமல் அசையாமல் இருக்கும். ஆடுகிறவர் ஆண்தான். இதுவும் 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சரி, பெண்ணைக் கொண்டாடுகிற ஆட்டத்தைக்கூட ஆண்களே ஆடுகிறார்களே, பெண்கள் அணிவதே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. சியரா லியோனில் மெண்டே மக்களிடம் சாண்டே என்று ஒரு பெண்கள் சங்கம் இருக்கிறது. சிறுமிகளைப் பெண்களாக வளர்த்தெடுத்து ஊருக்குத் திருப்பித் தருவது அதன் பொறுப்பு. அந்தச் சங்கத்தின் ஆவி சோவெய். செதுக்குவது ஆண் தச்சர், அணிவது பெண். தலையை முழுசாக உள்ளே விட்டுக்கொள்கிற மாதிரி மரக்கவசம். கன்னங்கரேல் என்று எண்ணெய் மினுமினுக்கும். அகன்ற நெற்றி, நுணுக்கமாகப் பின்னிய கூந்தல், சின்ன வாய், கழுத்தில் மடிப்பு மடிப்பாக வளையங்கள். ஆற்றடியிலிருந்து ஆவி எழும்போது அதைச் சுற்றி அலைகள் விரியுமே, அந்த வளையங்கள் அந்த அலைகள்தான் என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. தோல் ஒரு விரற்கடைகூடத் தெரியாமல் கறுத்த நார் உடம்பை மூடியிருக்கும். சோவெய் பேசாது, ஆடும்.

இந்த அழகைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. சாண்டே சடங்கில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டுவதும் ஒரு பகுதியாக இருந்து வருகிறது. சியரா லியோன் பெண்களே அதை எதிர்த்துப் போராடுகிறார்கள். வெட்டு இல்லாமல், மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டு சடங்கு நடத்த முயல்கிறவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். என் மனசு அவர்கள் பக்கம்தான். சோவெய் ஆட வேண்டும், ஒரு சிறுமிக்கும் ரத்தம் வரக் கூடாது.

நான் முதன்முதலில் இப்படி ஒரு மரமுகத்தைப் பார்த்தது ஒரு அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள். விளக்கு வெளிச்சம், பெயர்ச் சீட்டு, பின்னால் வெள்ளைச் சுவர். துணி இல்லை, நார் இல்லை, சலங்கை இல்லை. இப்படி ஐரோப்பாவுக்குப் போனவை எப்படிப் போயின தெரியுமா? 1931 முதல் 1933 வரை டக்காரிலிருந்து ஜிபூட்டி வரை ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழு ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்தது. பாரிசுக்குத் திரும்பும்போது 3,500 அளவில் பொருள்களைக் கொண்டுபோனது. மாலியில் ஊர்க்காரர்கள் அஞ்சி வணங்கிய புனிதப் பொருள்களை, போலீஸைக் காட்டி மிரட்டி எடுத்துக்கொண்டதை அந்தக் குழுவில் இருந்த மிஷெல் லெரிஸே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அதே மாலியில், பண்டியகரா மலைச்சரிவில், டோகோன் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கனகா முகமூடியின் உச்சியில் இரண்டு குறுக்குக் கட்டைகள் வைத்த சிலுவை மாதிரி ஒன்று நிற்கும். அதைப் பறவை என்பார்கள், வானமும் பூமியும் என்பார்கள். ஆடுகிறவர் இடுப்பிலிருந்து வளைந்து தலையைச் சுழற்றி, அந்த உச்சியால் மண்ணைத் தொட்டுவிட்டு நிமிர்வார். இது தாமா என்ற சடங்கில் நடப்பது. இறந்தவரின் ஆவியை ஊரிலிருந்து வழியனுப்பி மூதாதையரிடம் சேர்க்கிற சடங்கு அது. முகமூடியை முதலில் கண்டெடுத்தவள் ஒரு பெண் என்றும், ஆண்கள் அவளிடமிருந்து பறித்துக்கொண்டார்கள் என்றும் டோகோன் கதை சொல்கிறது. அவள் நினைவாக சாதிம்பே என்ற முகமூடியின் தலையில் ஒரு பெண் உருவம் நிற்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரியது சிகி. 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். பூமிக்கு மரணம் வந்த கதையை நினைத்துச் செய்கிற விழா. அதற்காகப் பாம்பு வடிவில் ஒரு பெரிய முகமூடியைப் புதிதாகச் செதுக்குவார்கள். அதை யாரும் அணிவதில்லை. விழா ஒரு ஊரில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு இடமாக நகர்ந்து, ஏழு ஆண்டில் முடியும். போன சிகி 1967-இல் யூகோ கிராமத்தில் தொடங்கி 1973-இல் முடிந்தது. கணக்குப்படி அடுத்தது 2027.

அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாகத் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. ஊர்கள் எரிந்திருக்கின்றன, பலர் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். 1967-இல் யூகோவில் பிறந்த ஒரு குழந்தைக்கு 2027-இல் 60 வயது. எங்கே இருந்தாலும் அவர் அந்த ஆண்டை எண்ணிக்கொண்டிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

வணக்கம்.