இன்றே நிறுத்து என்று சொல்வதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நடைபாதையில் படுத்துறங்கும் ஒருவர், "இன்னையோட குடியை விட்டுட்டேன்" என்று சொன்னால் கேட்பவருக்கு மகிழ்ச்சி. மருத்துவருக்கோ கவலை அங்கேதான் தொடங்குகிறது.

மது மூளையை மந்தமாக்கும். ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை, அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கும். மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வேகத்துக்குக் கடிவாளம் இல்லை. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே கை நடுங்கலாம், வியர்க்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு இருக்கும் இடம் தெரியாது, இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். முன்பே இப்படி வலிப்பு வந்தவரை மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வைக்க வேண்டும்.

இதற்கு, மூளையின் வேகத்தைத் தணிக்கும் டயஸிபாம் போன்ற மாத்திரையைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். வீடு உள்ளவருக்குச் சரி. தெருவில் இருப்பவர் கையில் ஒரு வார மாத்திரையைக் கொடுத்தால் பை திருடு போகும், மழையில் நனையும். மதுவோடு சேர்த்து விழுங்கினால் மூச்சே அடங்கிவிடும். அதனால் அன்றன்றைக்கு உரியதை நேரில் கொடுப்பதே பாதுகாப்பு. "குடியை விட்டுவிட்டு வா, இடம் தருகிறோம்" என்னும் காப்பகங்களின் விதி எனக்குத் தலைகீழாகவே படுகிறது. விடுவதற்கே படுக்கை வேண்டுமே!

இன்னொன்று தயமின், அதாவது பி1 வைட்டமின். சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவரிடம் இது வற்றிப்போயிருக்கும். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு வந்தால் பார்ப்பவர் போதை என்று ஒதுங்கிப் போவார். அது மூளைக்கு நிரந்தரச் சேதம் தரும் நோயாக இருக்கலாம். தலையில் அடிபட்டதும், ரத்தச் சர்க்கரை இறங்கியதும் இப்படித்தான் தெரியும். குடிப்பவரின் குடல் தயமின் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. இத்தகைய நிலையில் ஊசிதான்.

வலிப்பு வந்தால் தலைக்கடியில் துணியை வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டும்வரை காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மருத்துவமனையில் படுக்கை கிடைக்க நாலு நாள் ஆகுமென்றால் அதுவரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள். சேர்க்கும்போது, கடைசியாகக் குடித்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.