சிவப்புக் கேடயத்தில் மூன்று சிங்கங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அரசர்களும் குடும்பங்களும் கேடயத்தில் வரைந்துகொள்ளும் மரபுச் சின்னங்களைப் பற்றிப் படம் காட்டாமல் வானொலியில் எப்படிப் பேசுவது என்று தோன்றலாம். உண்மையில் இந்தக் கலைக்கு வானொலி மிகப் பொருத்தமான இடம். ஐரோப்பிய முறையில் ஒரு சின்னத்துக்கு மூலம் அதை விவரிக்கும் வாசகம்தான். படம் அதற்குப் பிறகு. அந்த வாசகத்துக்குப் 'பிளேசன்' என்று பெயர். அது சொன்னதையெல்லாம் வரைந்துவிட்டால் போதும். சிங்கத்தின் பிடரி எப்படிச் சுருண்டாலும் சின்னம் சரியே.

பிரிட்டன் அரசரின் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். கேடயத்தில் நான்கு கட்டங்கள். இங்கிலாந்துக்குரிய முதல் கட்டத்தின் வாசகம் 'கியூல்ஸ்' என்று தொடங்குகிறது. கியூல்ஸ் என்றால் சிவப்பு. பரப்பின் நிறம்தான் எப்போதும் முதலில் வரும். அடுத்து உருவம்: ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிங்கங்கள், 'பாசண்ட் கார்டன்ட்'. பாசண்ட் என்றால் ஒரு முன்காலைத் தூக்கி, மற்ற மூன்றையும் ஊன்றி நடப்பது. கார்டன்ட் என்றால் முகம் நம் பக்கம் திரும்பியிருப்பது. பிறகு சிங்கங்களின் நிறம்: 'ஓர்', அதாவது பொன். இரண்டாம் கட்டத்து ஸ்காட்லாந்துச் சிங்கமோ 'ராம்பண்ட்'. பின்காலில் நிமிர்ந்து பாய்கிறது.

மூன்று சிங்கங்களுக்கும் நாக்கும் நகமும் நீலம் என்று வாசகம் தனியாகச் சொல்கிறது. வழக்கமாக அவை சிவப்பு. இங்கே பரப்பே சிவப்பாக இருப்பதால் நாக்கு அதில் கரைந்துபோகும். அதனால்தான் நீலம்.

பொன்னும் வெள்ளியும் உலோகங்கள்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ வைக்கக் கூடாது. வெள்ளையின் மேல் மஞ்சளும், நீலத்தின் மேல் கறுப்பும் தூரத்துக் கண்ணுக்குத் தெரியாது. எருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளியின் மேல் பொற்சிலுவைகள் உண்டு. அது பெயர்பெற்ற விதிவிலக்கு. வரைபவர்கள் வெள்ளியை வெள்ளை வண்ணத்தாலேயே தீட்டுவது நல்லது. அசல் வெள்ளித்தாள் நாளடைவில் கறுத்து, கேடயத்தின் நிறத்தையே மாற்றிவிடும்.

அதிகம் தவறுவது இடம் வலத்தில்தான். 'டெக்ஸ்டர்' என்றால் வலது, 'சினிஸ்டர்' என்றால் இடது. ஆனால் கேடயத்தைப் பிடித்திருப்பவருக்கு. அப்படியானால் டெக்ஸ்டர் நமக்கு இடப்பக்கம். அரசர் சின்னத்தைத் தாங்கும் சிங்கம் டெக்ஸ்டரில் நிற்கும், ஒற்றைக்கொம்புக் குதிரை சினிஸ்டரில். ஸ்காட்லாந்தில் வழங்கும் வடிவத்தில் இரண்டும் இடம் மாறும், முதல் கட்டமும் ஸ்காட்லாந்துக்கே போகும். அதைக் கண்டு அச்சுப்பிழை என்று படத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

முழுச் சின்னத்தையும் 'கிரெஸ்ட்' என்கிறார்கள். அது தவறு; தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவத்துக்கு மட்டுமே அந்தப் பெயர். வண்ணமில்லாத அச்சில் புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி, செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம்.

இப்போது மூன்றாம் கட்டத்தைக் கேட்டபடி நீங்களே வரையுங்கள்: 'அஷூர்', நீலப் பரப்பு, அதில் பொன் யாழ், தந்திகள் 'ஆர்ஜென்ட்', வெள்ளி. யாழின் முகப்பில் முன்பு சிறகுள்ள பெண்ணுருவம் இருந்தது, இரண்டாம் எலிசபெத் அரசியின் காலத்தில் எளிய அயர்லாந்து யாழாக மாறியது. வாசகம் மாறவில்லை. தந்திகள் எத்தனை என்றும் அது சொல்லவில்லை. அதை உங்கள் கைக்கே விட்டிருக்கிறது.