ஆயிரம் கோடி நண்டுகள் எங்கே போயின?

[திரையில்: நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம், ஏலக்கூடையில் நீலக்கால் நண்டுகள்]

வணக்கம். அலாஸ்காவை ஒட்டிய கிழக்குப் பேரிங் கடலில், 2018-க்கும் 2021-க்கும் இடையே, ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பனி நண்டுகள் மறைந்துபோயின. இது மீனவர்கள் பிடித்துத் தீர்த்த கணக்கன்று. மல்லிப்பட்டினத்தில் நண்டு வலை விடும் அண்ணனுக்கு அலாஸ்கா எதற்கு என்று கேட்பீர்கள், அதற்குத்தான் வருகிறேன். நண்டு வறுவல் செய்முறையைத் தேடி வந்தவர்களும் இருந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சினை நண்டின் வயிற்றடியில் மஞ்சளாக இருக்கும் முட்டைகள் கறுத்ததும் பொரிகின்றன. வெளிவரும் இளம் உயிரிகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து, பலமுறை தோலுரித்து, குட்டி நண்டாகித் தரையில் இறங்குகின்றன. நண்டுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை என்பதால், இந்தப் பயணத்தின் வேகத்தைத் தண்ணீரின் வெப்பமே முடிவு செய்கிறது. நீலக்கால் நண்டின் முட்டை பொரிய 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 18 நாள் ஆகும். 25 டிகிரியிலோ எட்டே நாள் போதும்.

[திரையில்: பேரிங் கடல் வரைபடம்]

இனி பனி நண்டுக்கு வருவோம். குளிர்காலத்தில் உறையும் கடல்பனி உருகும்போது, அடித்தரையில் 2 டிகிரிக்கும் குறைவான குளிர்நீர்ப் பரப்பு ஒன்று தங்கிவிடுகிறது. குட்டி நண்டுகளுக்கு அதுவே கோட்டை, ஏனெனில் அவற்றைத் தின்னும் காட் மீன்கள் அவ்வளவு குளிருக்குள் நுழைய விரும்புவதில்லை. 2018-இல் கடல்பனி மிகவும் குறைந்து, அந்தக் கோட்டையும் ஏறக்குறைய இல்லாமற்போனது.

ஆனால் என்னை வியக்க வைத்தது பகைவன் உள்ளே வந்த கதையன்று, பசியின் கதை. தண்ணீர் சூடானால் நண்டின் உடல் இயக்கம் விரைவுபடும், உணவுத் தேவையும் ஏறும். 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வின் கணிப்புப்படி, 2018-இல் அந்தக் கூட்டம் முழுவதற்கும் தேவைப்பட்ட உணவு ஆற்றல் முந்தைய ஆண்டைப்போல நான்கு மடங்காகிவிட்டது. எண்ணிக்கையில் அவை உச்சத்தில் இருந்த நேரமும், வாழும் பரப்பு சுருங்கியிருந்த நேரமும் அதுவே. சாப்பிட வாய்கள் பெருகி, ஒவ்வொரு வாயும் கூடுதலாகக் கேட்டு, இலை மட்டும் சிறுத்துப்போன பந்தி அது. பட்டினியே பேரிழப்பின் முக்கியக் காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு. மீன்பிடிப்பின் மீது விழுந்த அடி பிறகுதான் தெரிந்தது: 2022 அக்டோபரில், வரலாற்றில் முதன்முறையாக, அங்கே பனி நண்டுப் பருவமே ரத்து செய்யப்பட்டது.

அப்படியானால் சூடுதான் எதிரியா? அவசரப்பட வேண்டாம். நம் நீலக்கால் நண்டின் மிக நெருங்கிய உறவு மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே வெப்பம் கூடிய ஷார்க் விரிகுடாவில், 2010-11 கோடையின் கடல் வெப்ப அலைக்குப் பின் இளம் நண்டுகளின் வரத்து சரிந்து, 2012-இல் வணிகப் பிடிப்பு நின்றது. தெற்கே, குளிர்ந்த காக்பர்ன் சவுண்ட் என்ற கடற்பகுதியிலோ கதை தலைகீழ்: தொடர்ந்து தண்ணீர் குளிர்ந்திருந்ததால் குட்டிகள் குறைய, மிகைப்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, 2006-இல் அந்த மீன்பிடிப்பையே மூட நேர்ந்தது. எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே நல்ல வெப்பநிலை நண்டுக்குக் கிடையாது.

[திரையில்: கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு]

டெல்டா கடற்கரைக்கு ஷார்க் விரிகுடாவே பொருத்தமான பாடம் என்பது என் கருத்து. கோடியக்கரைக்குத் தென்மேற்கே பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, எளிதில் சூடேறுவது. 2016-இல் அங்கே பவளங்கள் வெளுத்ததும் வெப்பத்தால்தான். நமக்கு ஓர் ஆறுதல், இங்கே ஏறத்தாழ ஆண்டு முழுவதும் சினை நண்டு காணப்படுவதால் ஒரு மாத வெப்பம் எல்லாக் குட்டிகளையும் அழித்துவிடாது. ஆனால் நீலக்கால் நண்டு விரைந்து வளர்ந்து ஓராண்டு அளவிலேயே வலைக்கு வந்துவிடுவதால், கெட்ட பருவத்தின் விளைவும் நம்மிடம் விரைந்து வந்துசேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் விசைப்படகுகளை நிறுத்தும். தண்ணீரின் சூட்டை நிறுத்தாது. ஆகவே வலையில் வரும் சினை நண்டை உயிரோடு கடலில் விடுவதும், குட்டி நண்டு எந்த மாதத்தில் குறைகிறது என்பதை வெப்பநிலையோடு சேர்த்து இறங்குதளத்திலேயே குறித்துவைப்பதும் இன்றே தொடங்கக்கூடியவை.

பழையாறு முதல் சேதுபாவாசத்திரம் வரை வலை விடுபவர்கள், உங்கள் பகுதியில் குட்டி நண்டு மிகுதியாகச் சிக்கும் மாதத்தைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினால் அடுத்த காணொளியில் வரைபடமாகக் காட்டுகிறேன்.