ஏன் நிற்கவில்லை இந்த கோவால்ஸ்கி?

நண்பர்களுக்கு வணக்கம்.

கார் துரத்தல் படம் என்றால் துரத்தப்படுபவன் ஏதாவது செய்திருக்க வேண்டும். வங்கிக் கொள்ளை, கொலை, குறைந்தது ஒரு கடத்தலாவது. 1971-இல் வந்த 'வானிஷிங் பாயின்ட்' படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கோவால்ஸ்கி என்பவனுக்குக் காரை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் வேலை. டென்வரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு வெள்ளை டாட்ஜ் சேலஞ்சர். திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தால் போதும். இவனோ அதற்கு வெகு முன்பே போய்விடுகிறேன் என்று, தூக்கம் வராமலிருக்க மாத்திரை தந்தவனிடம் பந்தயம் கட்டுகிறான். பந்தயப் பணம் எவ்வளவு? அந்த மாத்திரைக்கான காசு, அவ்வளவுதான்!

வேகமாகப் போனான், நிறுத்தச் சொன்னார்கள், நிற்கவில்லை. குற்றம் இவ்வளவே. ஆனால் மாநிலம் மாநிலமாகப் போலீஸ் திரண்டு வருகிறது. வழியில் ஜாகுவார் காரில் ஒருவன் வம்புக்கிழுத்துப் போட்டி போட்டு ஆற்றங்கரையில் கவிழ்கிறான். துரத்தல் நடக்கும்போதே கோவால்ஸ்கி இறங்கிப்போய், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறான். சட்டத்துக்கு நிற்காதவன் இதற்கு நிற்கிறான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

இவனை நாயகனாக்குவது சூப்பர் சோல் என்னும் வானொலி அறிவிப்பாளர். கண் தெரியாத கறுப்பினத்தவர். கிளீவன் லிட்டில் நடித்திருக்கிறார். நெவாடாவின் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு போலீஸ் அலைவரிசையை ஒட்டுக்கேட்டு, ஓட்டுபவனுக்கு வழி சொல்கிறார். அதற்கான அடி அவருக்குத்தான் விழுகிறது. நிலையத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து அவரையும் உடன் வேலை செய்பவரையும் அடித்து நொறுக்குகிறது. சாலையில் நடப்பதைவிட எனக்குப் பெரிய காட்சி அது. திரைக்கதை எழுதியவர் கியூபாவை விட்டு வெளியேறிய நாவலாசிரியர் கில்யெர்மோ கப்ரேரா இன்ஃபான்டே என்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள்.

படத்தில் எனக்கு ஒவ்வாதது நினைவோட்டக் காட்சிகள். வியட்நாம் போர், பறிபோன போலீஸ் வேலை, கடலில் மூழ்கிய காதலி என்று காரணங்களை அடுக்குகிறார்கள். அதே ஆண்டு மான்டி ஹெல்மன் எடுத்த 'டூ லேன் பிளாக்டாப்' படத்தில் ஓட்டுபவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. கடைசியில் பந்தயமும் முடிவதில்லை, திரையில் ஃபிலிமே எரிந்துபோகிறது. அந்தத் துணிச்சல் 'வானிஷிங் பாயின்ட்' இயக்குநர் சரஃபியனுக்கு முழுசாக வரவில்லை.

ஆனால் கடைசி நிமிடத்தில் வந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் சிஸ்கோவில் சாலையை மறித்து இரண்டு புல்டோசர்கள் நிற்கின்றன. கோவால்ஸ்கி அவற்றை நோக்கி முழு வேகத்தில் போகிறான், சிரித்துக்கொண்டே. அப்புறம் வெடித்துச் சிதறுவது சேலஞ்சர்கூட இல்லை, வெடிமருந்து நிரப்பிய காமரோ என்ற வேறொரு காரின் கூடு. சரி, அது தயாரிப்பாளர் கணக்கு. அந்தச் சிரிப்பு எதற்கு? தடுப்பைத் தாண்டிவிடலாம் என்று நம்பினான், அதனால் சிரித்தான் என்று நடிகர் பேரி நியூமனே பின்னாளில் விளக்கம் சொல்லியிருக்கிறார். நடித்தவர் அவர்தான், இருந்தாலும் நான் ஏற்கமாட்டேன். வழி நெடுகக் காரணம் சொல்லிக்கொண்டே வந்த படம், அந்த ஒரு சிரிப்புக்கு மட்டும் சொல்லவில்லை. இவர் ஏன் சொல்கிறார்?