பொட்டாசியத்துக்கு வழிவிடாத வளையம்

நேயர்களுக்கு வணக்கம்.

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சோடியம் என்றொரு வரி இருக்கும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருந்தால் கவலையில்லை. வெகுவாகக் குறைந்துவிட்டால் முதியவர்களுக்கு மனக்குழப்பம் வரும். சிலருக்கு வலிப்பும் வரும். பல கருவிகளில் அந்த எண்ணைக் கண்டு சொல்வது, விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் சவ்வு. சோடியம் 140இலிருந்து 130ஆக இறங்கும்போது அந்தச் சவ்வில் ஏற்படும் மின்னழுத்த மாற்றம் இரண்டு மில்லிவோல்ட்டைக்கூட எட்டுவதில்லை. இவ்வளவு சிறிய அசைவை நம்பித்தான் மருத்துவம் நடக்கிறது. அதில் பொட்டாசியம் வந்து கலந்து குழப்பினால் என்ன ஆகும்? இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, சமாளித்துவிடலாம். உயிரணுவுக்குள் நிலைமை தலைகீழ்: அங்கே பொட்டாசியம்தான் பெரும்பான்மை, சோடியம் அதில் சிறு பங்கு.

அந்தச் சவ்வுக்குள் இருந்துகொண்டு இந்த இரண்டையும் பிரித்தறியும் மூலக்கூறைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கதை அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் தொடங்குகிறது. சார்லஸ் பெடர்சன் என்ற வேதியியலாளர் வேறொரு பொருளைத் தயாரிக்க முயன்றபோது, நூலிழை போன்ற வெள்ளைப் படிகங்கள் மிகச் சிறிதளவு கிடைத்தன. ஆயிரம் பங்கில் நான்கு பங்குதான் தேறியது. அழுக்கு என்று கொட்டிவிட்டிருக்கலாம், அவர் கொட்டவில்லை. மெத்தனாலில் சரியாகக் கரையாத அந்தப் படிகம், சோடியம் உப்பைச் சேர்த்ததும் கரைந்தது. இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் என்று மாறி மாறிக் கோத்த ஒரு வளையம், உலோக அயனியை நடுவில் அமர்த்திக்கொள்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அயனியின் தலையில் சூட்டிய கிரீடம்போல் தோன்றியதால் கிரவுன் ஈதர் என்று பெயரிட்டார். 1967இல் கட்டுரை வெளிவந்தது. முனைவர் பட்டம் பெறாத அந்த மனிதருக்கு 1987இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத செய்தி இது.

சரி, சோடியத்துக்கு ஏற்ற வளையம் எது? வளையல் கடைக்காரர் கையைப் பார்த்தே அளவு சொல்வதுபோலச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். சோடியம் அயனியின் விட்டம் ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்துக்கு 2.8 ஆங்ஸ்ட்ராம் நெருங்கும். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு. பதினைந்து அணுக்களும் அவற்றில் ஐந்து ஆக்சிஜனும் கொண்ட 15-கிரவுன்-5 வளையத்தின் துளை சோடியத்துக்குக் கச்சிதம். ஆனால் மெத்தனாலில் அளந்து பார்த்தால், அது சோடியத்தையும் பொட்டாசியத்தையும் ஏறக்குறைய ஒரே வலிமையோடு பற்றுகிறது. வளையல் கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. வளையம் இரும்பால் ஆனதன்று, நெளியும். துளைக்குள் நுழைய முடியாத பொட்டாசியம் அதன் மேலே உட்கார்ந்துகொள்ளும். மேலிருந்து இன்னொரு வளையம் வந்து மூடிக்கொள்ளும். இரண்டு இட்லித் தட்டுகளுக்கு நடுவே ஒரு நெல்லிக்காய் சிக்கினாற்போல.

ஆக, சோடியத்தை இறுக அணைக்கும் மூலக்கூறைத் தேடிப் பயனில்லை. இறுக்கம் மிகுந்தால் அயனி வெளியேறாது, சவ்வும் செயல்படாது. பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும், பொட்டாசியத்தை மட்டும் அண்டவிடக் கூடாது. வடிவமைப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கடைசி வேலைக்கே போகிறது.

ஜப்பானியர்கள் இதில் முன்னே நின்றார்கள். 1982இல் தோஷியுகி ஷோனோ, கெய்இச்சி கிமுரா குழுவினர், தனித்து நின்றால் சோடியத்துக்குச் சிறியதான 12-கிரவுன்-4 வளையங்கள் இரண்டை ஒரு குட்டைச் சங்கிலியால் இணைத்தார்கள். இரு உள்ளங்கைகள்போல அவை சோடியத்தை நடுவில் ஏந்தின. பொட்டாசியத்தைவிடச் சோடியத்துக்கு ஏறத்தாழ நூறு மடங்கு முன்னுரிமை கிடைத்தது.

கெய்யோ பல்கலைக்கழகத்தின் கோஜி சுசுகி குழு வேறு வழியில் போனது. 1996இல் வெளிவந்த அவர்களின் மூலக்கூறில் பதினாறு அணு வளையம் ஒன்று. அதன் இரு பக்கமும் டெக்கலின் என்ற பருமனான கட்டமைப்பு, மதில்போல. இரண்டாவது வளையம் நெருங்கி வந்து பொட்டாசியத்தை மூட இடமே இல்லை. வளையமும் நெளிந்து கொடுப்பதில்லை. முன்னுரிமை ஆயிரம் மடங்காயிற்று. அந்தப் பருமனால் இன்னொரு நன்மையும் உண்டு: எண்ணெய்த் தன்மை மிகுந்த மூலக்கூறு சவ்வைவிட்டு நீருக்குள் எளிதில் கசியாது.

ஆய்வகத்தில் இதைப் பார்க்க ஆசைப்படுவோருக்காகச் சொல்கிறேன். பி.வி.சி. தூள், நெகிழ்வூட்டும் எண்ணெய், நூற்றில் ஓரிரு பங்கு கிரவுன் ஈதர் ஆகியவற்றைக் கரைப்பானில் கலக்கிக் கண்ணாடித் தட்டின்மேல் ஒரு வளையத்துக்குள் ஊற்றி மூடி வைப்போம். மறுநாள் கரைப்பான் ஆவியாகிப் போயிருக்கும். ஓரத்தைக் கத்தி முனையால் நெம்பினால், நுங்குத் தோல்போல வழவழவென்று உரிந்து வரும். ஒரு வட்டம் வெட்டிக் குழாயின் நுனியில் ஒட்டி, சோடியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறவிட வேண்டும்.

பிறகு அதை எடுத்துச் சோடியம் குளோரைடில் நிறுத்தி மில்லிவோல்ட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்து, அதே செறிவுள்ள பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். மில்லிவோல்ட் எண் சரியத் தொடங்கும். 59 இறங்கினால் சோடியத்துக்கு முன்னுரிமை பத்து மடங்கு. 118 என்றால் நூறு. நல்ல மூலக்கூறு அமைந்த சவ்வென்றால் அங்கேயும் நிற்காது. 150, 160, 170 என்று இறங்கி, 177 அருகே போய்த்தான் நிற்கும்.